பாளை மார்க்கெட் பக்கம் கொடி தைக்கிற அண்ணாச்சி கடை: மூணு தடவ போன கத

மொதல்லயே சொல்லிருதேன், கொடி நல்லா வந்துருக்கு. சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் லேட்டு, ஒரு சின்ன கொறையும் உண்டு, அத பொறவு சொல்லுதேன். திருநெல்வேலில டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டைன்னு நான் அலைஞ்சு பாத்ததுல அளவு கேட்டு, எங்க ஏத்தப் போறீங்கன்னு கேட்டு, தேசியக்கொடிய தச்சுக் குடுத்தது இந்த ஒரு கடதான். மத்த எடத்துலலாம் ஆகஸ்ட் மாசம் வாசல்ல கொத்தா தொங்க விட்டிருப்பாவல்லா, அந்த சமாச்சாரம்தான், ஒரு மழைக்கு காவி கலரு வெள்ளைல எறங்கிரும்.

கடை பேரு போடல. போடட்டுமான்னு கேட்டேன், "வேண்டாம் தம்பி, எங்கிட்ட எல்லா கட்சிக்காரனும் வாரான், பேரு வெளிய வந்தா எவனாவது ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு வராம போயிருவான்"ன்னுட்டாரு. மார்க்கெட்டுக்கு பின்னால உள்ள சந்துல ஏறுங்க, சுக்குக்காப்பி விக்கிற வண்டி நிக்கும், அதுக்கு எதுத்தாப்ல மாடிப்படி, மேல ஏறும்போது தலைய குனிஞ்சுக்கிடணும், நான் ரெண்டு தடவ இடிச்சேன். ரெண்டு மிஷினு, ஒண்ணு மோட்டாரு, ஒண்ணு கால்ல மிதிக்கிறது. சுவரு பூராவும் ரேக்கு, அதுல எல்லா கட்சி கொடியும் மடிச்சு வச்சிருக்கு. ஒரு விஷயத்த நான் ரொம்ப ரசிச்சேன், எந்த கட்சியும் இன்னொரு கட்சிக்கு மேல இல்ல, கீழ இல்ல, ஒரே தட்டுல பக்கம்பக்கமா அடுக்கி வச்சிருக்காரு. கேட்டதுக்கு, "ஒருக்கா ஒருத்தன் வந்து எங்க கொடி ஏன்வே அவன் கொடிக்கு கீழ கெடக்குன்னு சண்டைக்கு வந்துட்டான், அன்னைக்கே ஆசாரிய கூட்டிட்டு வந்து ரேக்க மாத்திட்டேன்"ங்காரு. 

துணி விவரம். மூணடிக்கு ரெண்டடி பாலியஸ்டர், ஓரம் ரெட்டத் தையல், கம்பத்து பக்கம் பட்டையா வெள்ளை நாடா, கயிறு கோக்க மேலயும் கீழயும் வளையம், எல்லாம் சேத்து 350 ரூவா வாங்குனாரு. கதர்ல வேணும்னா வெல ஜாஸ்தி, ஆர்டர் போட்டு வரவழைக்கணும், நாளாகும்னாரு. அந்த முறையான கதர் கொடிலாம் கர்நாடகால ஹூப்ளி பக்கம் பெங்கேரில உள்ள கதர் சங்கத்துலருந்து வரும். முன்னாடி பாலியஸ்டர்ல தேசியக்கொடி செய்யவே கூடாது, 2021 டிசம்பர்ல கொடிச் சட்டத்த திருத்தி மிஷின்ல செஞ்ச துணிக்கும் பாலியஸ்டருக்கும் வழி விட்டாவ, அதுக்கப்புறம்தான் என் பொழப்பு ஓடுதுன்னு அண்ணாச்சி சொன்னாரு. அந்த விதிமுறைய ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் பண்ணி மிஷினுக்கு மேல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்காரு. ஒம்பது அளவு போட்டிருக்கு, பெருசு 6300க்கு 4200 மில்லிமீட்டர், சிறுசு மேச மேல வைக்கிற 150க்கு 100. எந்த அளவா இருந்தாலும் நீளம் மூணு பங்குன்னா உயரம் ரெண்டு பங்கு. நான் வீட்டுக்கு வந்து டேப் வச்சு அளந்தேன், 36க்கு 24 இஞ்சு, கணக்கு சுத்தம். 

கொற என்னன்னா சக்கரம். இருபத்துநாலு ஆரமும் தெளிவா இருக்கு, நேவி ப்ளூ கலரும் சரிதான், ஆனா பின் பக்கம் அச்சு ஒரு நூல் அளவு வெலகி இருக்கு, வெயில்ல புடிச்சு பாத்தா ரெண்டு சக்கரம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுனாப்ல தெரியும். காட்டுனேன். கண்ணாடிய மாட்டிட்டு பாத்தாரு, ஒண்ணும் பேசல, 30 ரூவாய எடுத்து திருப்பிக் குடுத்துட்டாரு. வேற கடையா இருந்தா "கம்பத்துல ஏத்துனா யாருக்கு தெரியப்போவுது"ன்னுருப்பான்.

சரி, ஒரு கொடி வாங்க மூணு தடவ எதுக்குல போனன்னு கேப்பீங்க. நான் போனது ரெண்டு கொடிக்கு. 

எங்க ஊரு தாமிரபரணி கரைல, சேரன்மாதேவி தாண்டி. ஊருக்கு நடுவுல பஞ்சாயத்து எடத்துல ஒரு படிப்பகம். பேப்பர் வரும், கேரம்போர்டு இருக்கும், பரிச்ச சமயத்துல பிள்ளைய வந்து படிக்கும். அதுல என் சின்ன வயசுல ரெண்டு கலர்ல ஒரு கொடி பறந்துச்சு. யாரு ஏத்துனா, எந்த கலருன்னு எழுத மாட்டேன், எழுதுனா இது எந்த ஊருன்னு நம்ம பக்கத்து ஆளுவ ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாவ. நம்ம ஜில்லால கலருன்னா சாதி, யாருக்கும் வெளக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துல பயலுவ கையில கட்டுற கயித்து கலர வச்சே எவன் எந்த தெருன்னு சொல்லிருவானுவ. 2023ல நாங்குநேரில ஒரு தலித் பையனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பயலுவளே வீடு புகுந்து வெட்டுன பொறவுதான் நீதிபதி சந்துரு கமிட்டிய போட்டாவ, 2024ல குடுத்த அறிக்கைல கலர் கயிறு கட்டிட்டு வரக்கூடாதுன்னு அவரும் எழுதி இருக்காரு. கயித்துக்கே இந்த பாடுன்னா கொடிக்கு கேக்கணுமா.

இடையில ஒரு தகராறுல அந்த கொடிய எறக்கி வச்சாச்சு, பல வருஷம் அப்டியே போச்சு. இப்ப படிப்பகத்துக்கு பெயிண்ட் அடிச்சு விழா எடுக்கப் போறோம், பழைய கொடிய திருப்பி ஏத்தணும்னு மேலத்தெருல பாதி பேரு, அது எங்கள அடிச்ச கொடி, அத ஏத்துனா எங்க பிள்ளைய படிக்க வராதுன்னு கீழத்தெரு. கூட்டத்துல நாந்தான் எந்திரிச்சு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன், "சண்ட எதுக்கு, ஊரு பூராவும் ஓட்டு விடுவோம், பதினெட்டு வயசு ஆன எல்லாரும் சீட்டு போடட்டும், எது ஜெயிக்கோ அது பறக்கட்டும்". கைதட்டுனாவ. எனக்கும் பெருமையாதான் இருந்துச்சு. எது ஜெயிச்சாலும் தைக்கணும்லா, அதான் தேசியக்கொடி ஆர்டர் குடுக்க போன அன்னைக்கே இதுக்கும் வெல கேட்டுட்டு வருவோம்னு படி ஏறுனேன்.

அண்ணாச்சி அட்வான்ஸ் வாங்க மாட்டேனுட்டாரு. "மொதல்ல கலர முடிவு பண்ணிட்டு வாங்க. துணிய வெட்டுன பொறவு மாத்துனா நட்டம் எனக்குல்லா." ஓட்டு விடப்போறோம்னு சொன்னேன். மிஷின நிறுத்திட்டு, "சீட்டுல என்னென்ன போடப்போறிய?"ன்னாரு. பழைய கொடி வேணுமா வேண்டாமா, அவ்வளவுதான்னேன். மறுபடி மிஷின மிதிச்சுக்கிட்டே, "ம்ம்"னாரு. அந்த "ம்ம்" எனக்கு சரியா படல.

ரெண்டாவது தடவ கொடி வாங்க போனப்ப கொடி ரெடியாகல, உக்காருங்க பிசுறு வெட்டி தந்துருதேன்னாரு, அப்பதான் அத்தான் போன் வந்துச்சு. அத்தான் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயி மிசிசிப்பில ஜாக்சன்ங்கிற ஊர்ல மூணு வருஷம் இருந்தாவ, இந்த படிப்பகம் கூத்த குடும்ப குரூப்புல படிச்சுட்டுதான் கூப்புடுதாவ. "மாப்ள, ஓட்டு விடுங்கன்னு நீதான் சொன்னியாமே, நான் இருந்த ஊர்லயும் இதே கததான்டே"ன்னு ஆரம்பிச்சாவ. அண்ணாச்சி ஸ்பீக்கர்ல போடச் சொன்னாரு. கொடி பத்துன பேச்சுன்னா விடமாட்டாரு.

அத்தான் சொன்னத என் பாணில சொல்லுதேன். அடிமைய வச்சுக்கிடுதது எங்க உரிமைன்னு அமெரிக்காவுல தெக்கத்தி மாகாணங்கள் பிரிஞ்சு போயி 1861லருந்து 1865 வர சண்ட போட்டு தோத்தாவல்லா, அவங்க போர்க்கொடி ஒண்ணு உண்டு, செவப்புல நீலப் பெருக்கல் குறி, அதுக்குள்ள பதிமூணு நட்சத்திரம். மிசிசிப்பிக்காரங்க 1894ல தங்களோட மாகாணக் கொடியோட மூலைல அத அப்டியே வச்சுக்கிட்டாவ. அது சட்டசபைல பறக்கும், கோர்ட்ல பறக்கும், பள்ளிக்கூடத்துலயும் பறக்கும். அந்த மாகாணத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல கறுப்பு சனம். தன் பூட்டன அடிமையா வச்சிருக்கதுக்கு சண்ட போட்டவன் கொடிக்கு கீழ போயிதான் அவங்க ரேஷன் கார்டு மாதிரி எதுனாலும் வாங்கணும். வெள்ளக்காரங்கள்ல நெறைய பேர கேட்டா, அது எங்க தாத்தன் செத்த போரோட ஞாபகம், அதுல வெறுப்பு ஒண்ணும் இல்லம்பாவ. ரெண்டு பேரும் சொல்லுதது அவங்கவங்களுக்கு நெசம்தான், அதான் சிக்கலே.

2000ல அந்த மாகாண சுப்ரீம் கோர்ட்டு ஒரு குண்ட போட்டுச்சு. 1906ல சட்டத்த தொகுத்து எழுதும்போது கொடி சட்டத்த சேக்காம விட்டுட்டாவ, அதனால இந்த கொடிக்கு சட்டப்படி அந்தஸ்தே கெடயாதுன்னுட்டு. இத்தன வருஷம் பறந்தது சும்மாவான்னு அண்ணாச்சி சிரிச்சுட்டாரு. சரி சனமே முடிவு பண்ணட்டும்னு 2001 ஏப்ரல் 17ல ஓட்டு விட்டாவ, பழைய கொடியா, நீல மூலைல இருவது நட்சத்திரம் வச்ச புது கொடியான்னு. பழைய கொடிக்கு 64 சதவீதம், புதுசுக்கு 36. நிறத்த ஒட்டிதான் ஏறக்குறைய பிரிஞ்சுது. அதோட சனம் சொல்லிட்டு, பேச்சு முடிஞ்சுதுன்னுட்டாவ. அதுக்கப்புறம் யாராவது வாய தொறந்தா, ஓட்டு விட்டாச்சுல்லாம்பாவ. அத்தான் இங்க ஒரு வார்த்த சொன்னாவ, "ஓட்டுக்கு முன்னால அது ஒரு தப்புன்னாவது பேசலாம் மாப்ள, ஓட்டுக்கு அப்புறம் அது ஊரு தீர்ப்பா ஆயிருச்சு".

ஆனா பேச்சு முடியல. 2015 ஜூன்ல இன்னொரு தெக்கத்தி மாகாணம் சவுத் கரோலினால சார்லஸ்டன் சர்ச்சுல பைபிள் படிக்க வந்த ஒம்பது கறுப்பு மக்கள ஒருத்தன் சுட்டுக் கொன்னான், அவன் அந்த போர்க்கொடியோட எடுத்த போட்டோலாம் வெளிய வந்துச்சு. பத்து நாள்ல பிரீ நியூசம்னு ஒரு பொண்ணு அந்த மாகாண சட்டசபை வளாகத்து கம்பத்துல ஏறி அங்க பறந்த போர்க்கொடிய எறக்கிட்டா, போலீஸ் புடிச்சுட்டு போயி கொஞ்ச நேரத்துல மறுபடி ஏத்திட்டாவ. ஜூலை 10ல சட்டசபையே முடிவெடுத்து எறக்குச்சு. மிசிசிப்பிலயும் அந்த வருஷமே அங்க உள்ள பெரிய யூனிவர்சிட்டி தன் வளாகத்துல எறக்கிட்டு. பொறவு 2020ல ஜார்ஜ் ஃபிளாய்ட போலீஸ்காரன் கழுத்துல முட்டி போட்டு கொன்னப்ப ஊரே கொதிச்சுது. காலேஜ் விளையாட்டு நடத்துற சங்கத்துக்காரங்க, இந்த கொடி இருக்க வர உங்க மாகாணத்துல சாம்பியன்ஷிப் போட்டி வைக்க மாட்டோம்னுட்டாவ. மனசாட்சி செய்யாதத ஃபுட்பால் செஞ்சுட்டுன்னு அத்தான் சிரிச்சாவ. அங்க உள்ள கவர்னர் டேட் ரீவ்ஸ் அது வர சனந்தான் ஓட்டு போட்டு மாத்தணும்னு சொல்லிக்கிட்டு கெடந்தவரு, கடேசில ஜூன் 30ல சட்டசபை கொண்டாந்த மசோதாவுல அவரே கையெழுத்து போட்டாரு. ஓட்டே விடாம பழச எறக்கியாச்சு.

ஓட்டு வந்தது அதுக்கப்புறம். ஒரு கமிட்டி போட்டு புது டிசைன் கேட்டாவ, போர்க்கொடி அடையாளம் இருக்கக்கூடாது, கடவுள நம்புதோம்ங்கிற வாசகம் இருக்கணும், ரெண்டே கண்டிஷன். பொதுசனம் கிட்டத்தட்ட மூவாயிரம் டிசைன் அனுப்பிச்சு, வடிகட்டி மக்னோலியா பூ வச்ச ஒண்ண எடுத்தாவ. நவம்பர் 3ல அதுக்கு மட்டும் வேணும் வேண்டாம்னு ஓட்டு. 73 சதவீதம் வேணும்னுட்டாவ. வேண்டாம்னு வந்தாலும் பழசு திரும்பாது, வேற டிசைன்தான் வரும்.

அண்ணாச்சி கத்திரிய கீழ வச்சாரு. "தம்பி, ஒரே மாகாணம். ஒருக்கா 64 பேரு பழசு வேணும்னாங்க, ஒருக்கா 73 பேரு புதுசு வேணும்னாங்க. சனம் மாறிட்டா, சீட்டு மாறிட்டா?"

அத்தானுக்கு உடனே பதில் வரல. ரெண்டும்தான் அண்ணாச்சின்னாவ கொஞ்சம் கழிச்சு. பொறவு ஜார்ஜியா கதைய சொன்னாவ, அது இன்னும் வேடிக்க. அங்க 1956ல, வெள்ளப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒண்ணா படிக்கணும்னு கோர்ட்டு சொன்ன ரெண்டு வருஷத்துல, வீம்புக்குன்னே போர்க்கொடிய மாகாணக் கொடில சேத்தாவ. 2001ல ராய் பார்ன்ஸ்னு ஒரு கவர்னர் மாத்துனாரு, அடுத்த தேர்தல்ல தோத்தாரு. எதுத்து நின்ன சோனி பெர்டியூ சனம் ஓட்டு போட விடுவேன்னு சொல்லி ஜெயிச்சாரு. 2004 மார்ச்ல ஓட்டும் விட்டாவ. ஆனா சீட்டுல எதுக்காக சண்ட போட்டாவளோ அந்த 1956 கொடியே இல்ல! 2001 கொடி ஒண்ணு, 2003 கொடி ஒண்ணு, ரெண்டுல ஒண்ண எடுன்னுட்டாவ. 2003தான் ஜெயிச்சுது. அது எப்படி இருக்கும்னா, அந்த தோத்த தெக்கத்தி சர்க்காரு மொதமொத வச்சிருந்த கொடி மாதிரியே இருக்கும், போர்க்கொடி அளவுக்கு யாருக்கும் தெரியாது, அதனால யாருக்கும் உறுத்தல. ரெண்டு பக்கமும் ஜெயிச்சோம்னு வீட்டுக்குப் போச்சு.

"அது நம்ம தொழில்ல உள்ளதுதான்"னாரு அண்ணாச்சி. "கல்யாண வீட்டுக்காரங்க தோரணத்துக்கு துணி பாக்க வருவாங்க. நான் மேசைல மூணு துணி விரிச்சா மூணுல ஒண்ண எடுத்துட்டு நாங்களே செலக்ட் பண்ணோம்னு சந்தோஷமா போவாங்க. நாலாவது ரேக்குல கெடக்கும், அத விரிக்கலன்னு எவனும் கேக்கமாட்டான். ஏன் விரிக்கலன்னு எனக்குத்தான் தெரியும்." சொல்லிட்டு என்னப் பாத்தாரு. "உங்க ஊர்ல மேச யாருது தம்பி?"

எனக்கு சுருக்குன்னுச்சு. எங்க கமிட்டில கீழத்தெரு ஆளு ஒருத்தரு, மீதி எல்லாரும் மேலத்தெரு, நானும் மேலத்தெருதான். சீட்டுல வேணும் வேண்டாம்னு போடுவோம்னு தீர்மானிச்சதும் நாங்கதான். தலைய எண்ணுனா மேலத்தெருல தல ஜாஸ்தின்னு எண்றதுக்கு முன்னாலயே எல்லாருக்கும் தெரியும், கைதட்டுனவன் எல்லாருக்கும் தெரியும். நான் நியாயம் பேசுனதா நெனச்சேன், உண்மைல ஜெயிச்ச பொறவு காட்டுதுக்கு ஒரு ரசீது கேட்டிருக்கேன்.

இதுக்காக ஓட்டே கூடாதுன்னு சொல்லல. நியூசிலாந்துல 2015லயும் 2016லயும் ரெண்டு சுத்து ஓட்டு விட்டாவ, பத்தாயிரத்துக்கு மேல டிசைன் வந்துச்சு, கடேசில 56.6 சதவீதம் பழைய கொடியே இருக்கட்டும்னுட்டாவ. அந்த ஊரு டாலர்ல 2.6 கோடி பட்ஜெட்டு, வெட்டிச்செலவுன்னு திட்டுனவங்க உண்டு, ஆனா யாரும் யாரு வாசல்லயும் போயி கல்ல எறியல. ஏன்னா அந்த கொடி அழகா இல்லையான்னு கேட்ட ஓட்டு அது, ஒருத்தன் முதுகுல அடிச்ச கம்போட ஞாபகம் இல்ல. நம்ம தேசியக்கொடிக்கு ஓட்டே இல்ல, 1947 ஜூலை 22ல அரசியல் நிர்ணய சபைல வச்சு முடிவு பண்ணாவ, ராட்டைய எடுத்துட்டு சக்கரத்த வச்சாவ, அதுக்கும் முன்னால ராஜேந்திர பிரசாத் தலைமைல ஒரு கமிட்டி உக்காந்து எல்லா தரப்புக்கும் ஒத்துவருமான்னு பாத்துருக்காவ. அந்த உக்காந்து பாக்குற வேலையத்தான் நாங்க செய்யல, நேரா சீட்டுக்கு தாவிட்டோம்.

கோர்ட்டும் இப்ப சும்மா இல்ல பாத்துக்கிடுங்க. 2025 ஜனவரில மதுரைக் கிளை, பொது எடத்துல கட்சி, சாதி, மத அமைப்பு நட்ட கொடிக்கம்பத்த எல்லாம் 12 வாரத்துல எடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அண்ணாச்சிக்கு அதுலருந்து பெரிய கொடி ஆர்டர் கொறஞ்சு போச்சாம், கைக்கொடிதான் இப்ப ஓடுது. நட்டமான்னு கேட்டேன். "ராத்திரி நல்லா தூங்குதேன்"னாரு.

ஊருக்கு திரும்பி வந்து கூட்டத்துல பேசுனேன். ஓட்டு இருக்கட்டும், மொதல்ல சீட்டுல என்ன போடணும்னு கீழத்தெருல போயி உக்காந்து பேசுவோம், அவங்க விரிக்கிற துணியும் மேசைல இருக்கட்டும்னேன். இந்த தடவ கைதட்டல. எங்க பெரியப்பா "ஒனக்கு என்னடே ஆச்சு"ன்னு மூணு தடவ கேட்டாவ. போன வாரம் மொத தடவயா ரெண்டு தெரு ஆளும் படிப்பகம் திண்ணைல உக்காந்தாவ, கீழத்தெரு டீச்சர் ஒருத்தங்க கொடியே எதுக்கு, வாசல்ல வேப்பமரம் வச்சா போதாதான்னு கேட்டாவ, யாரும் பதில் சொல்லல, காப்பி குடிச்சுட்டு கலைஞ்சாச்சு. ஆகஸ்ட் 15க்கு தேசியக்கொடி மட்டும் ஏத்துதுன்னு இருக்கு. அதுக்குத்தான் இந்த 350 ரூவா கொடி.

ரெண்டாவது தடவ போன அன்னைக்கும் வேல முடியல, ரெண்டு நாள் கழிச்சு மூணாவது தடவ போயி கொடிய வாங்குனேன். போறவங்க கவனிக்க வேண்டியது: சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, மதியம் அவரு சாப்பிட்டு சாஞ்சிருப்பாரு. ஜிபே வேல செய்யும், ஆனா சிக்னல் கெடயாது, படி எறங்கி சுக்குக்காப்பிக்காரர் பக்கத்துல நின்னுதான் அனுப்பணும். பில்லு கேட்டு வாங்கிக்கிடுங்க, தானா தரமாட்டாரு. சக்கர அச்ச வெளிச்சத்துல புடிச்சு பாத்துட்டு எடுங்க. அஞ்சுக்கு நாலு குடுக்கேன், ஒண்ண கொறச்சது ரெண்டு நாள் அலைய விட்டதுக்கு.

கெளம்பும்போது அண்ணாச்சி ஸ்டூல் போட்டு ஏறி, பரண்லருந்து தூசி படிஞ்ச ஒரு மஞ்சப்பைய எறக்குனாரு. எங்க ஊரு பழைய கொடி. எறக்குன வருஷம் யாரோ கிழிசல தைக்கணும்னு கொண்டாந்து போட்டுட்டு போனவங்க திரும்ப வரவே இல்லையாம், தச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்காரு, கிழிஞ்ச எடம் எங்கன்னே கண்டுபிடிக்க முடியல. சவுத் கரோலினால எறக்குன கொடிய மியூசியத்துக்கு கொண்டு போனாவன்னு அத்தான் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கூலி அறுவது ரூவா பாக்கி, எடுத்துட்டு போறியளான்னு கேட்டாரு. அறுவத குடுத்துட்டு, பைய மறுபடியும் மேலயே வைக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்.